இஸ்லாம் பாடத்துக்கு நூறு

எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை எந்தச் சமயம் என்பது வாரத்துக்கு இரண்டு தரம், நாற்பது நிமிடத்துக்கு மட்டும்தான் தெரியவரும். செவ்வாயும் வெள்ளியும் இடைவேளை முடிந்ததும் சமயபாடம். மணி அடிக்கும் வரை ஒரே மர வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவன் கொண்டுவந்த மாங்காயை நாலு பேர் மாறி மாறிக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழும்புவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிஸ்டரின் அறைக்குப் போவார்கள். சைவப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். நாற்பது நிமிடம் அவரவர் கடவுளோடு இருந்துவிட்டு, மறுமணி அடித்ததும் ஓடிவந்து, மிச்ச மாங்காயை எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள்.

நான் களுவாஞ்சிக்குடிக்காரி. ஐந்தாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியை, சைவநெறிக்கும் நான்தான். வாவிக் கரையில், மாதா கோயிலுக்கும் தோணிகள் கட்டும் துறைக்கும் நடுவில் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் அது. நான் மாற்றலாகிப் போனபோது, அங்கே என்னைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று வீட்டில் பயந்தார்கள். சேர்க்கவில்லை. அதற்கு அங்கே யாருக்கும் நேரம் இல்லை. அதிபராக இருந்த சிஸ்டர் முதல் நாள் என்னிடம் கேட்டது, தையல் தெரியுமா என்று மட்டும்தான்.

பிள்ளைகளைப் படம் எடுக்க அடிக்கடி யாராவது வருவார்கள். கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து இறங்கி, எல்லா இனமும் ஒரே கூரையின் கீழ் படிக்கிற அதிசயத்தைக் கண்டு உருகிப்போவார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு முஸ்லிம் பிள்ளை, போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கிப் பிள்ளை, ஒரு சிங்களப் பிள்ளை, நாலு பேரும் கைகோத்து நிற்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஆளைப் பிழையாகத்தான் பிடிப்பார்கள். எங்கள் பறங்கிப் பையன் வெயிலில் பந்தடித்து அடுப்புக்கரியாய் இருப்பான். அவனைத் தமிழ்ப் பிள்ளையாக நிறுத்திவிட்டு, பூனைக்கண்ணும் வெளுத்த தோலுமாக இருந்த மீன்காரரின் மகனைப் பறங்கியாக்கிவிடுவார்கள். நாங்கள் திருத்துவதில்லை. வந்தவர்கள் மனம் நோகக்கூடாது, பாருங்கள். படமும் நன்றாகத்தான் வரும்.

சந்தியில் பேக்கரி வைத்திருந்த சிங்களக் குடும்பத்துப் பையனுக்குப் பௌத்தம் படிப்பிக்க எங்களிடம் ஆள் இருக்கவில்லை. விரும்பின வகுப்பில் போய் இரு என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அவன் இரண்டு வகுப்பையும் ஒரு கிழமை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சேர்ந்தான். என் படிப்பித்தலில் மயங்கி வந்தான் என்றுதான் நானும் கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் நான் கடலை அவித்துக்கொண்டு போவேன். அவன் கண்ட உண்மை அதுதான்.

அந்த ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தாள். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் அவள் ஒருத்திதான். வாப்பா ஏறாவூரிலிருந்து வந்து சந்தியில் டயர்க்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடம் என்று முதலாம் ஆண்டிலேயே எங்களிடம் கொண்டுவந்து விட்டிருந்தார். சமயபாடத்துக்கு அவள் சிஸ்டரின் அறையில் இருந்தாள். குர்ஆன் ஓதப் பின்னேரத்தில் வேறாகப் போகிறாள்தானே, இது சும்மா அறிவுக்கு இருக்கட்டும் என்று வாப்பா சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. பத்துக் கட்டளையை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கத்தோலிக்கப் பாடத்தில் நாலு வருடமாக அவள்தான் முதல். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இவளைக் காட்டிச் சிஸ்டர் ஏசுவார்.

படிப்பில் அவளோடு முட்டிக்கொண்டு நின்றவன் நான் சொன்ன பறங்கிப் பையன். ஒரு தவணை இவள் முதலாவது வந்தால் மறு தவணை அவன் வருவான். அவனுடைய அப்பா ஓடாவி. மேசை, கதவு, சவப்பெட்டி, எதைக் கேட்டாலும் செய்து தருவார். எழுத்தும் அழகாக எழுதுவார். எங்கள் மண்டபச் சுவரில் தொங்குகிற பெரிய பலகை அவர் செய்ததுதான். ஒவ்வொரு வருடமும் ஐந்தாம் ஆண்டில் கடைசித் தவணையில் முதலாவது வருகிற பிள்ளையின் பெயரை மஞ்சள் பெயின்ரால் அதில் எழுதுவார். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. எழுதினால் எழுதினதுதான், அழிப்பதில்லை.

அந்தப் பலகைதான் அவளுக்கு உயிர். இடைவேளையில் துணித்துண்டு ஒன்றை நனைத்துக்கொண்டு வந்து, கதிரையில் ஏறி அதைத் துடைப்பாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அந்த வருடத்துக்குரிய வெற்று வரியில் மட்டும் துணி இரண்டு தரம் போகும். அடுத்த வருடம் அவளை ஏறாவூரில் ஒரு பெண்கள் பாடசாலையில் சேர்ப்பதாக வீட்டில் முடிவாகியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு மேல் வகுப்பும் இல்லை. ஆகவே அவளுக்கு இருந்தது அந்த ஒரு தவணைதான்.

ஒருநாள் கதவு திருத்த வந்த ஓடாவியைப் பிடித்து, தன் பெயர் நீளம், வரிக்குள் கொள்ளுமா என்று கேட்டாள். தன் மகனோடு போட்டிக்கு நிற்கிற பிள்ளை என்று அவருக்குத் தெரியும். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பலகையில் சாண் வைத்து அளந்து பார்த்தார்.

"கொள்ளும் மகள். எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கி எழுதினாச் சரி."

அவள் அதை என்னிடம் ஓடிவந்து சொன்னாள். அரைவாசிப் பெயர் எழுதி முடிந்தமாதிரி இருந்தது முகம்.

இந்த நேரத்தில்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார். நல்ல மனிசன். இளநீர் கொடுத்தோம், குடித்தார். புள்ளிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு வந்தவர், கத்தோலிக்கப் பாடத்தில் முதலாவதாக நின்ற பெயரைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். பெயர் மாறவில்லை. பிள்ளைக்கு அதன் சொந்தச் சமயத்தைத்தான் படிப்பிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். சட்டம் அது. பிள்ளைக்குரிய உரிமையும் அது. அவர் சொன்னதில் நான் குண்டுமணியளவும் குறை சொல்லமாட்டேன். சிஸ்டரும் உடனே ஓம் என்றார். இஸ்லாம் ஆசிரியர் ஒருவரைக் கேட்டுக் கடிதம் போனது. வரும் என்று பதில் வந்தது. கடிதம் வந்ததே தவிர ஆள் வரவில்லை.

ஆள் வரும் வரைக்கும் ஒரு ஏற்பாடு செய்தோம். சிஸ்டரின் அறைக்கும் என் வகுப்புக்கும் நடுவில் வராந்தாவில் ஒரு வாங்கு போட்டு, இஸ்லாம் பாடப்புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்து, அவளை அதில் இருத்தினோம். தானே வாசிக்கக்கூடிய பிள்ளை. மேற்பார்வை நான். மேற்பார்வை என்றால், என் வகுப்பு யன்னலால் பார்த்தால் அவளுடைய பின்னல் தெரியும். பின்னல் தெரிந்தால் பிள்ளை இருக்கிறாள். அவ்வளவுதான் நான் பார்த்தது.

வெள்ளிக்கிழமைகளில் காகிதத்தில் சுற்றின ஒரு கடலைச் சரை வராந்தாவுக்கும் போகும். பேக்கரிப் பையன்தான் கொண்டுபோய்க் கொடுப்பான், வழியில் கொஞ்சம் குறையும். இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு உள்ளுக்குள் சரியான பெருமை. ஊரில் போய், எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று சமயமும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்று சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் எனக்கும் வாய் ஓயாது.

கடைசித் தவணைப் பரீட்சை வந்தது. இஸ்லாம் வினாத்தாளை நானேதான் தயாரித்தேன். பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இருந்த கேள்விகளைப் பொறுக்கி, இடைவெளி நிரப்புக, சரியா பிழையா என்று போட்டு, கடைசியில் பத்துப் புள்ளிக்கு ஒரு கட்டுரை. அயலவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமைகள். எந்தச் சமயத்துக்கும் பொருந்துகிற தலைப்பு என்று எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

திருத்துகிற நாளில் ஆசிரியர் அறையில் எல்லோரும் இருந்தோம். அவளுடைய விடைத்தாள் என் கட்டின் அடியில் கிடந்தது. எடுத்ததும் பக்கத்தில் இருந்த டீச்சர் எட்டிப் பார்த்து, "இதையும் நீங்களாகா திருத்துற?" என்று கேட்டார்.

"சாமி விசயத்தில புள்ளி குறைக்க நான் ஆருகா?" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர், அதுதான் பண்பு என்றார்கள். நான் சிவப்புப் பேனையை எடுத்து மேலிருந்து கீழே சரி, சரி, சரி என்று போட்டுக்கொண்டு போனேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கட்டுரையின் அடியிலும் ஒரு சரி. முன்பக்கத்தில் நூறு போட்டு வட்டமிட்டேன். பாடப்புத்தகம் பக்கத்து மேசையில்தான் கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். நான் பார்க்கவில்லை. மரியாதை பாதி, பயம் பாதி. குறைத்துவிட்டு, பிறகு யாராவது வந்து ஏன் குறைத்தாய் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? நூறு போட்டால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள்.

அதே மேசையின் மறு முனையில் சிஸ்டர் பறங்கிப் பையனின் கத்தோலிக்க விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, உதடு அசைய வாசித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் ஏசினார். எழுத்துப் பிழைக்குக்கூட அரைப் புள்ளி வெட்டினார். தொண்ணூற்றிரண்டு. எனக்கு அந்தப் பையன்மேல் பாவமாக இருந்தது.

கூட்டிப் பார்த்தால் அவள் முதலாவது. அவன் நாலு புள்ளி குறைய இரண்டாவது. விடைத்தாள்களை வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கிவரக் கொடுத்துவிட்டோம். டயர்க்கடையில் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார்களாம்.

அடுத்த நாள் காலையில் முதல் மணிக்கு முன்னால் அவள் என் மேசையடியில் வந்து நின்றாள். கையில் இஸ்லாம் விடைத்தாள்.

"டீச்சர், இதில மூண்டு பிழை இருக்கு. நீங்க சரி போட்டிருக்கீங்க."

எனக்கு விளங்கவில்லை. அவள் தாளை விரித்து விரல் வைத்துக் காட்டினாள். மஃரிப் தொழுகைக்கு நாலு றக்அத், இஷாவுக்கு மூன்று என்று அவசரத்தில் மாற்றி எழுதியிருந்தாள். ரமழானுக்கு முந்தின மாதம் ஷஃபான் என்று எழுதவேண்டியதற்கு ரஜப் என்று எழுதியிருந்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும். இரவு தாளை வாசித்த உம்மாதான் கண்டுபிடித்தாவாம். ஒரு கேள்விக்கு இரண்டு புள்ளி. மூன்றுக்கு ஆறு.

கணக்கு எனக்கு முன்னமே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறு போனால் அவன் இரண்டு புள்ளி முன்னால். பலகையில் அவன் பெயர்.

"நீங்க வாசிக்கல்லயா டீச்சர்?" என்று கேட்டாள். குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"வாசிச்சன் புள்ள. கவனிக்காம விட்டுட்டன்" என்றேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொய் சொல்லாதே என்று நீதி சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிற வாய் அது. கொஞ்சமும் தடக்கவில்லை.

சிஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குள் மற்ற ஆசிரியர்களும் கூடிவிட்டார்கள். விட்டுவிடலாம் என்பதுதான் எல்லோருடைய கருத்தும். இருக்கிற ஒரேயொரு முஸ்லிம் பிள்ளை, அதுவும் அவளுடைய சமயபாடத்தில், கொடுத்த புள்ளியைப் பறித்து எங்கள் வேதக்காரப் பையனை முதலாவதாக்கினார்கள் என்று வெளியில் கதை போனால் நன்றாகவா இருக்கும் என்று ஒருவர் கேட்டார். நானும் ஓம் ஓம் என்றேன். என் பிழை அப்படியே அமுங்கிப்போக அதைவிட நல்ல வழி எனக்கு ஏது? எல்லோரும் அவளுக்காகத்தான் பேசினோம். அவள் நடுவில் நின்று எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் தாளை மேசையில் வைத்தார்.

"உனக்கு முதலாவது வேணாமா?"

"வேணும் சிஸ்டர்."

"அப்ப ஏன் கொண்டுவந்த நீ?"

"பிழைதானே சிஸ்டர்."

சிஸ்டர் பேனையை என்னிடம் நீட்டினார். நான் அந்த மூன்று இடத்திலும் சரியை வெட்டிப் பிழை போட்டு, நூறை அடித்துத் தொண்ணூற்றுநாலு என்று எழுதினேன். பதிவேட்டோடு வைக்கவேண்டும் என்று தாளை நானே எடுத்துக்கொண்டேன்.

வகுப்புக்குப் போகும் வழியில் அவள் என் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"கட்டுரை சரியா டீச்சர்?"

"சரி புள்ள. நல்லா எழுதியிருக்காய்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று நிற்கிறமாதிரி இருந்தது. பிறகு போய்த் தன் வாங்கில் இருந்துகொண்டாள். தோற்ற கவலையாக்கும் என்று நினைத்தேன். இடைவேளையில் தின்ன ஒரு ரொபி வாங்கிக் கொடுத்தேன். வாங்கினாள்.

மூன்று கிழமை கழித்துப் பரிசளிப்பு. ஓடாவி முதல் நாளே வந்து பலகையில் மகனின் பெயரை எழுதினார். சின்னப் பெயர், ஒடுக்காமலே கொண்டது. வரியில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. எழுதி முடித்து இறங்கி, அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அந்தப் பிள்ளை இன்றைக்கு வந்தவளா என்று என்னிடம் கேட்டார். பையன் துள்ளிக் குதித்தான். ஏன் குதிக்கக்கூடாது? அவன் வெட்டு வாங்கி, ஏச்சு வாங்கி எடுத்த புள்ளி அது. அவளுக்கு நேர்மைக்கென்று ஒரு விசேட பரிசு கொடுத்தோம். பேச்சு என்னுடையது. சமயங்கள் எல்லாம் உண்மையைத்தான் போதிக்கின்றன என்று பத்து நிமிடம் பேசினேன். நல்ல கைதட்டல். அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கட மார்க்கத்துக்கு எவ்வளவு மரியாதை டீச்சர் உங்களுக்கு என்று சொன்னா. நானும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

தையில் புதுத் தவணை தொடங்கினபோது அவள் ஏறாவூருக்குப் போய்விட்டாள். பழைய விடைத்தாள்களைக் கட்டி அலுமாரியில் ஏற்றுகிற வேலை எனக்கு விழுந்தது. மத்தியானம், பிள்ளைகள் போய்விட்டார்கள். அவளுடைய தாள் கையில் வந்தது. அந்த மூன்று பிழையையும் இன்னொருமுறை பார்ப்போம் என்று விரித்தவள், பக்கம் புரண்டு கட்டுரையில் நின்றேன். அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக வாசித்தேன்.

அயலவர் பசித்திருக்க நாம் மட்டும் வயிறு நிறைய உண்ணக்கூடாது, அவர்கள் நோயுற்றால் போய்ப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் உள்ளபடியே நாலு வரி இருந்தது. பிறகு இப்படி எழுதியிருந்தாள்:

"சமயபாட நேரத்தில் எனக்கு இரண்டு அயலவர். ஒரு பக்கம் சிஸ்டரின் வகுப்பு. மற்றப் பக்கம் டீச்சரின் வகுப்பு. டீச்சரின் வகுப்பிலிருந்து எனக்குக் கடலை வரும். அது நல்ல கடமை. ஆனால் கடலை தந்தவர் உடனே உள்ளே போய்விடுவார். நான் புத்தகத்தை மூன்று தரம் முழுக்க வாசித்துவிட்டேன். யாரும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை. டீச்சர், திருத்தும்போது இதை நீங்கள் வாசிப்பீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாளில் நான் வேறு பள்ளிக்கூடம் போய்விடுவேன். மிச்சம் இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்னை உள்ளே வந்து இருக்க விடுவீர்களா? நான் சத்தம் போடமாட்டேன்."

பரீட்சைக்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை இருந்தது. மூன்றிலும் அவள் வராந்தாவில்தான் இருந்தாள். மூன்று தரமும் நான் கடலை கொடுத்தனுப்பினேன். கட்டுரையின் அடியில் என் சிவப்புப் பேனையால் ஒரு பெரிய சரி இருந்தது, பத்துக்குப் பத்து இருந்தது, அதற்குப் பக்கத்தில், நான் எழுதியதாக எனக்கு நினைவேயில்லை, மிக நன்று என்றும் எழுதியிருந்தது.